லேப்டாப்ல சார்ஜ் ஏறலையா? புது பேட்டரி வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

சார்ஜர சொருகியாச்சு, ஸ்க்ரீன் ஓரத்துல பிளக் படமும் வந்துருச்சு, ஆனா ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தா அதே 37 சதவீதம். மௌஸ அந்த ஐகான் மேல கொண்டு போனா "பிளக்டு இன், நாட் சார்ஜிங்"னு வருது. இத பாத்த உடனே பேட்டரி போயிருச்சுன்னு முடிவு கட்டி புதுசு தேட ஆரம்பிக்கிறவங்கதான் அதிகம். நானும் ஒரு தடவ அப்படித்தான் புது பேட்டரி வாங்கிப் போட்டேன், அப்பவும் அதே "நாட் சார்ஜிங்"தான், ஏன்னா கோளாறு பேட்டரியிலயே இல்ல. அது எங்க இருந்துச்சுன்னு கீழ சொல்றேன், ஆனா அது புரியணும்னா முதல்ல ஒரு லேப்டாப்புக்குள்ள சார்ஜ் எப்படி ஏறுதுங்கறது தெரியணும். கஷ்டமான விஷயம் ஒண்ணும் இல்ல.

நாம எல்லாரும் சார்ஜர்னு சொல்ற அந்த கறுப்பு டப்பா இருக்குல்ல, அது நிஜத்துல சார்ஜர் கிடையாது, அது வெறும் அடாப்டர். சுவத்துலேர்ந்து வர்ற ஏசி கரன்ட்ட 19 வோல்ட், 19.5 வோல்ட், 20 வோல்ட்னு ஏதோ ஒரு டிசி வோல்டேஜா மாத்திக் குடுக்குறதோட அதோட வேலை முடிஞ்சுது. பேட்டரிக்கு எப்ப குடுக்கணும், எவ்ளோ குடுக்கணும், எப்ப நிறுத்தணும்னு முடிவு பண்ற நிஜமான சார்ஜர் லேப்டாப்போட மதர்போர்டுல ஒரு சின்ன ஐசியா உக்காந்திருக்கு. அதுக்குப் பக்கத்துல எம்பெடட் கன்ட்ரோலர்னு இன்னொரு சிப், சுருக்கமா ஈசின்னு சொல்வாங்க, அதுதான் இதுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி. அப்புறம் பேட்டரி பேக்குக்குள்ளயும் ஒரு சின்ன போர்டு உண்டு, செல்லோட வோல்டேஜ், சூடு, எவ்ளோ சார்ஜ் மிச்சம் இருக்குங்கறதெல்லாம் அதுதான் கணக்கு வச்சுக்கிட்டு ஈசிகிட்ட சொல்லிக்கிட்டே இருக்கும்.

ஆக வழி இதுதான்: சுவத்து பிளக், பவர் கேபிள், அடாப்டர், அதோட வயர், லேப்டாப்ல இருக்குற ஜாக், மதர்போர்டு சார்ஜிங் ஐசி, பேட்டரி போர்டு, கடைசியா செல். இதுல எந்த எடத்துல அறுந்தாலும் வெளிய நமக்குத் தெரியறது ஒரே விஷயந்தான், சார்ஜ் ஏறல. அதனால சுவத்துலேர்ந்து ஆரம்பிச்சு உள்ள உள்ள போகணும், பேட்டரிங்கறது இந்த வரிசையில கடைசி ஸ்டாப், நாம என்னடான்னா அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கிறோம்.

இந்த வழியில நடக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு. சார்ஜ் ஏறாம இருக்குறது சில நேரம் கோளாறே இல்ல, லேப்டாப் வேணும்னேதான் நிறுத்தி வச்சிருக்கும். 80 சதவீதத்துல, இல்ல 60 சதவீதத்துல வந்து அப்படியே நிக்குதுன்னா கிட்டத்தட்ட கண்ண மூடிக்கிட்டு சொல்லலாம், இது பேட்டரிய காப்பாத்துற செட்டிங்தான். லெனோவாவுல கன்சர்வேஷன் மோட்னு இருக்கும், ஏசஸ்ல பேட்டரி ஹெல்த் சார்ஜிங், டெல்லுல பயோஸ் (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே திறக்குற லேப்டாப்போட அடிப்படை செட்டிங் பக்கம்) உள்ள "பிரைமரிலி ஏசி யூஸ்"னு ஒரு ஆப்ஷன், எச்பியில பேட்டரி ஹெல்த் மேனேஜர், மேக்புக்ல ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங். பேரு மாறுது, வேலை ஒண்ணுதான். லித்தியம் அயான் செல்ல எப்பவும் 100லயே, அதுவும் சூட்டுலயே வச்சிருந்தா சீக்கிரம் வயசாகும், அதனால நாள் பூரா சார்ஜர்லயே போட்டு வச்சு வேலை பாக்குறவங்களுக்காக இத வச்சிருக்காங்க. என்னக் கேட்டா அத ஆஃப் பண்ணாம விட்டுருங்க, வெளிய போற நாள்ல மட்டும் 100 வரைக்கும் ஏத்திக்கலாம். அதே மாதிரி 96, 97ல நின்னுக்கிட்டு ஏறலன்னாலும் பதறாதீங்க, நெறைய லேப்டாப்ல 95 சதவீதத்துக்குக் கீழ எறங்கினாத்தான் திரும்ப சார்ஜே ஆரம்பிக்கும், இல்லன்னா நாள் முழுக்க ஒண்ணு ரெண்டு சதவீதத்த ஏத்தி எறக்கிக்கிட்டே கெடக்கும்ல.

இன்னொண்ணு, 80 வரைக்கும் விறுவிறுன்னு ஏறிட்டு அதுக்கப்புறம் நத்தை மாதிரி போகுதுங்கறது. அதுவும் கோளாறு இல்ல. லித்தியம் செல்லுக்கு முதல்ல ஒரே அளவு கரன்ட் போகும், செல் வோல்டேஜ் 4.2 வோல்ட்ட நெருங்கினதும் வோல்டேஜ அப்படியே பிடிச்சு வச்சுக்கிட்டு கரன்ட்ட கொஞ்சம் கொஞ்சமா கொறச்சுக்கிட்டே வருவாங்க. ஒரு ஹால்ல காலி சேர் நெறைய இருக்கும்போது ஆளுங்க மடமடன்னு வந்து உக்காந்துருவாங்க, கடைசி பத்து சேர் மட்டும் இருக்குன்னா எங்க காலின்னு தேடி, மத்தவங்க கால தாண்டி, மெதுவாத்தான் போகணும், அந்த மாதிரிதான்.

சரி, இது எதுவும் இல்ல, நிஜமாவே ஏறலங்கறப்ப என்ன பண்றது. முதல்ல வேற சுவத்து பிளக்குல போடுங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியா போட்டிருந்தா நேரா சுவத்துல போடுங்க. அடாப்டருக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்குற பவர் கேபிள் கழட்டுற மாதிரி தனியா இருந்தா அத அடாப்டர் பக்கம் நல்லா அழுத்தி சொருகுங்க, பல நேரம் அது பாதி வெளிய வந்து நிக்கும். இதெல்லாம் சின்ன விஷயந்தான், ஆனா இத பாக்காம உள்ள போயிடக்கூடாது.

அடுத்து அடாப்டர்ல ஒரு சின்ன லைட் இருந்தா அத கவனிங்க, நெறைய சொல்லும். லேப்டாப்ல சொருகாம சுவத்துல மட்டும் போட்டப்பவே லைட் எரியலன்னா அடாப்டரோ பவர் கேபிளோ போச்சு. சொருகாதப்ப எரியுது, லேப்டாப்ல சொருகின உடனே அணைஞ்சு போகுதுன்னா இது வேற விவகாரம், அடாப்டர் தன்னையே காப்பாத்திக்க கட் பண்ணிக்குதுன்னு அர்த்தம், பெரும்பாலும் ஜாக்லயோ மதர்போர்டுலயோ ஷார்ட் இருக்கும். சில சமயம் அடாப்டரே வலுவிழந்து போய் லோடு தாங்காம இப்படி பண்றதும் உண்டு. எதுவா இருந்தாலும் திரும்பத் திரும்ப சொருகிப் பாக்காதீங்க, கழட்டி வச்சிட்டு ரிப்பேர் பண்றவங்ககிட்ட கொண்டு போங்க. "அடாப்டர் லைட் சொருகினா அணையுது"ன்னு இந்த ஒரு வரிய சொன்னாலே அவங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுரும்.

இப்ப அடாப்டர திருப்பி அதோட லேபிள படிங்க, எழுத்து பொடிசா இருக்கும், ஃபோன் கேமராவுல பெருசாக்கி பாத்துக்கலாம். அவுட்புட்னு ஒரு எடத்துல 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர்னு இருக்கும்னு வச்சுக்குவோம். ரெண்டையும் பெருக்கினா 65 வாட். 19.5ஐ 2.31ஆல பெருக்கினா 45 வாட், 4.62ஆல பெருக்கினா 90 வாட். இந்த வாட் கணக்குதான் இங்க முக்கியம், ஏன்னா அடாப்டர் குடுக்குற பவர் முதல்ல லேப்டாப் ஓடுறதுக்குப் போகும், அதுல மிச்சம் இருக்குறதுதான் பேட்டரிக்கு. 65 வாட் அடாப்டர், லேப்டாப் சும்மா டைப் பண்ற வேலைக்கு 15 வாட் தின்னுதுன்னா கிட்டத்தட்ட 50 வாட் பேட்டரிக்கு மிஞ்சும். அதே லேப்டாப்ல வீடியோ ரெண்டர் போட்டு 60 வாட் இழுத்துச்சுன்னா பேட்டரிக்கு 5 வாட்தான், ஸ்க்ரீன்ல சதவீதம் நகராத மாதிரியே தெரியும். கேமிங் லேப்டாப்புக்கு 180 வாட், 230 வாட்னு பெரிய அடாப்டர் குடுக்குறது இதுக்காகத்தான், அதுல போய் கைக்குக் கிடைச்ச 65 வாட் டைப் சி சார்ஜர சொருகிட்டு கேம் ஆடினா சார்ஜர் போட்டிருக்கும்போதே பேட்டரி எறங்கும், அது கணக்குப்படி சரிதான்.

அடாப்டர் மாத்தும்போது வோல்டேஜ் கிட்டத்தட்ட அதேவா இருக்கணும், 19க்கும் 19.5க்கும் உள்ள வித்தியாசம் பொதுவா பரவாயில்ல, ஆனா 12 வோல்ட் அடாப்டர் பின் உள்ள போகுதேன்னு சொருகக்கூடாது. ஆம்பியர் அதிகமா இருந்தா பயப்பட வேண்டாம், லேப்டாப் தனக்குத் தேவையானத மட்டுந்தான் இழுக்கும், கம்மியா இருந்தாத்தான் பிரச்சனை.

இப்ப என்னோட கதைக்கு வர்றேன். அந்த லேப்டாப் சார்ஜர் போட்டா நல்லா ஓடும், சார்ஜர கழட்டினா பேட்டரியில இருக்குற வரைக்கும் ஓடும், ஆனா ஒரு சதவீதம் கூட ஏறாது. அதோட கொஞ்சம் மந்தமாவும் இருந்துச்சு, அத நான் வயசாயிருச்சுன்னு விட்டுட்டேன். ஆன் பண்ணும்போது அடாப்டர அடையாளம் தெரியலங்கற மாதிரி ஒரு மெசேஜ் ஒரு செகண்ட் வரும், என்டர் தட்டிட்டு உள்ள போயிருவேன். புது பேட்டரி போட்டும் ஏறலன்னதும்தான் பயோஸ்குள்ள போய் பாத்தேன், அங்க அடாப்டர் டைப்னு இருக்குற எடத்துல "அன்னோன்"னு போட்டிருந்துச்சு. நண்பர் ஒருத்தரோட அதே மாடல் அடாப்டர வாங்கி சொருகினேன், அடுத்த நிமிஷமே சார்ஜ் ஏற ஆரம்பிச்சிருச்சு.

என்ன ஆச்சுன்னா, சில கம்பெனி அடாப்டரோட உருண்டைப் பின்ன உத்துப் பாத்தீங்கன்னா நடுவுல ஊசி மாதிரி ஒரு மெல்லிசான பின் இருக்கும். பவர் போறது அதுல இல்ல. அது அடையாளத்துக்கு, "நான் இத்தன வாட் அடாப்டர்"னு லேப்டாப்கிட்ட சொல்றதுக்குன்னு ஒரு தனி மெல்லிசு வயர். அந்த பின் வளைஞ்சு போனாலோ, வயர் பின்னுக்குப் பக்கத்துல மடங்கி மடங்கி உள்ளயே அறுந்து போனாலோ, பவர் வயர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும், லேப்டாப்பும் ஓடும், ஆனா வந்திருக்குறது எவ்ளோ தாங்குற அடாப்டர்னு தெரியாததால லேப்டாப் உஷாராயிட்டு பேட்டரி சார்ஜ நிறுத்திரும், ப்ராசஸர் வேகத்தையும் கொறச்சுரும். அந்த மந்தம் இதனாலதான். டெல், எச்பி லேப்டாப்ல இந்த மாதிரி நடு பின் ரொம்ப சகஜம், டெல்லுல ஆன் ஆகும்போது எஃப்2 தட்டி பயோஸ் போனா அடாப்டர் எத்தன வாட்டுன்னு அதுவே காட்டும். அங்க வாட் சரியா வருதுன்னா அடாப்டர், வயர், ஜாக் மூணும் பேசிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், நீங்க அடுத்த எடத்துக்குப் போகலாம். ரெண்டு நிமிஷ வேலை இது, இத நான் முதல் நாளே பண்ணியிருந்தா அந்த பேட்டரிக் காசு மிச்சம்.

டைப் சி சார்ஜர் வச்சிருக்கவங்களுக்கு கதை கொஞ்சம் வேற. இதுல அடையாள பின்னுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் நிஜமாவே பேச்சுவார்த்தை நடக்குது, பவர் டெலிவரின்னு அதுக்குப் பேரு. சார்ஜர் "எங்கிட்ட 5 வோல்ட், 9 வோல்ட், 15 வோல்ட், 20 வோல்ட் இருக்கு, இத்தன ஆம்பியர் தர்றேன்"னு பட்டியல் நீட்டும், லேப்டாப் அதுல ஒண்ண கேட்டு வாங்கும். பெரும்பாலான லேப்டாப் கேக்குறது 20 வோல்ட். ஃபோனுக்கு வந்த சின்ன சார்ஜர்ல 20 வோல்ட்டே இருக்காது, அதனால சொருகினா சில லேப்டாப் கண்டுக்கவே கண்டுக்காது, சிலது ஸ்லோ சார்ஜர்னு சொல்லிட்டு ஆமை வேகத்துல ஏத்தும்.

சார்ஜர் சரியா இருந்தாலும் கேபிள் காலை வாரும். டைப் சி கேபிள் எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா சாதாரண கேபிள் 3 ஆம்பியர் வரைக்குந்தான், 20 வோல்ட்டோட பெருக்கினா 60 வாட். அதுக்கு மேல வேணும்னா கேபிளுக்குள்ளயே ஒரு அடையாள சிப் இருக்கணும், இ மார்க்கர்னு சொல்வாங்க, அது இருந்தாத்தான் 5 ஆம்பியர், 100 வாட்னு போகும். 2021ல வந்த புது பவர் டெலிவரி விதிப்படி 240 வாட் வரைக்கும் கூட போகலாம், ஆனா அதுக்கு சார்ஜர், கேபிள், லேப்டாப் மூணும் அந்த விதிக்கு ஒத்துவரணும். ஆக 100 வாட் சார்ஜர் வாங்கிட்டு பழைய கேபிள போட்டா 60க்கு மேல வராது. இன்னொரு விஷயம், லேப்டாப்ல ரெண்டு மூணு டைப் சி ஓட்டை இருந்தா எல்லாத்துலயும் சார்ஜ் ஏறணும்னு இல்ல, பக்கத்துல பிளக் படமோ பேட்டரி படமோ போட்டிருக்குறதுலதான் ஏறும், படம் இல்லன்னா ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துக்கங்க.

அந்த ஓட்டைக்குள்ள ஒரு டார்ச் அடிச்சு பாருங்க. பையிலேர்ந்து வர்ற பஞ்சு, தூசி எல்லாம் உள்ள போய் அடியில அமுங்கி கெட்டியா உக்காந்திருக்கும், கேபிள் முழுசா உள்ள போகாம ஒரு மில்லிமீட்டர் வெளிய நிக்கும், கையால தொட்டா ஆடும். லேப்டாப்ப முழுசா ஆஃப் பண்ணிட்டு, மரத்துலயோ பிளாஸ்டிக்லயோ இருக்குற மெல்லிசான குச்சியால ஓரமா மெதுவா நெம்பி எடுங்க, ஊசி, சேஃப்டி பின் இதெல்லாம் கிட்டக் கொண்டு போகாதீங்க. உருண்டை ஜாக்கா இருந்தா பின்ன சொருகி லேசா மேல கீழ அசைச்சு பாருங்க, அசைக்கும்போது சார்ஜ் வந்து வந்து போகுதுன்னா ஜாக் லூஸு, இல்ல வயர் உள்ள முறிஞ்சிருக்கு. வேற அடாப்டர்லயும் அப்படித்தான் பண்ணுதுன்னா ஜாக்தான். பல மாடல்ல இந்த ஜாக் ஒரு குட்டி வயரோட தனியா இருக்கும், மதர்போர்ட தொடாம அத மட்டும் மாத்திரலாம். பின் ஒரு கோணத்துல வச்சாத்தான் ஏறுதுன்னு புத்தகத்த அண்டைக் குடுத்து மாசக்கணக்குல ஓட்டாதீங்க, லூஸ் கான்டாக்ட்ல சின்னச் சின்னதா பொறி பறக்கும், சூடாகும், ஜாக்க சுத்தி இருக்குற பிளாஸ்டிக் உருகி கடைசியில போர்டு வரைக்கும் போயிரும்.

மல்டிமீட்டர் இருக்குறவங்க உருண்டைப் பின்ல உள்பக்கம் பிளஸ், வெளிச்சுத்து மைனஸ்னு வச்சு வோல்டேஜ் பாக்கலாம், நடு ஊசி பின் இருக்குற மாடல்ல மீட்டர் முனை அதையும் உள்பக்க சுவரையும் சேத்துத் தொட்டுறாம பாத்துக்கங்க. டைப் சி சார்ஜர்ல மீட்டர் வச்சா ஒண்ணும் காட்டாது, எதிர்ல ஒரு ஆள் இருக்குன்னு தெரியாம அது வோல்டேஜே விடாது, அத பாத்துட்டு சார்ஜர் செத்துருச்சுன்னு தூக்கிப் போட்டுறாதீங்க.

இது வரைக்கும் எல்லாம் சரியா இருக்குன்னா இப்ப ஒரு டெஸ்ட். லேப்டாப்ப ஷட் டவுன் பண்ணுங்க, ஸ்லீப் இல்ல, முழு ஷட் டவுன். சார்ஜர போட்டு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் ஆன் பண்ணி சதவீதம் பாருங்க. ஆஃப்ல இருந்தப்ப ஏறியிருக்கு, ஆன்ல இருக்கும்போதுதான் ஏற மாட்டேங்குதுன்னா அடாப்டர் பத்தல, இல்ல லேப்டாப் ரொம்ப சூடாகுது, இல்ல சாஃப்ட்வேர் ஏதோ குழப்புது. ஆஃப்லயும் ஏறலன்னா விண்டோஸ குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல, விண்டோஸ் அங்க ஓடவே இல்லையே.

இத ஏன் அழுத்தி சொல்றேன்னா, சார்ஜ் ஏறலன்னு எங்க கேட்டாலும் வர்ற முதல் பதில் டிவைஸ் மேனேஜர்ல போய் பேட்டரீஸ்ங்கறதுக்குக் கீழ இருக்குற "மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி"ய அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணுங்கங்கறதுதான். பண்ணுங்க, ஆபத்து ஒண்ணும் இல்ல, ரீஸ்டார்ட்ல தானா திரும்ப வந்துரும். ஆனா அந்த டிரைவர் பேட்டரி நிலவரத்த வாங்கி நமக்குக் காட்டுறதுக்குத்தான் முக்கியமா இருக்கு, சார்ஜ் பண்ற முடிவு எடுக்குறது மேல சொன்ன அந்த ஈசி சிப், எம்பெடட் கன்ட்ரோலர்தான். அதனால சதவீதம் தப்பா காட்டுது, ஐகான் உறைஞ்சு நிக்குதுங்கற மாதிரி விஷயத்துக்கு அது உதவும், அறுந்த வயர அது ஒட்டாது.

அந்த ஈசி சிப்பே குழம்பி நிக்குறதும் உண்டு, அதுக்கு வைத்தியம் அதோட பவர முழுசா வடிச்சு விடுறது. ஷட் டவுன் பண்ணி, சார்ஜர கழட்டி, பேட்டரி வெளிய எடுக்குற மாதிரி மாடலா இருந்தா அதையும் எடுத்துட்டு, பவர் பட்டன 30 செகண்ட் அழுத்திப் பிடிங்க. அப்புறம் பேட்டரிய போட்டு, சார்ஜர போட்டு ஆன் பண்ணுங்க. பேட்டரி உள்ளயே இருக்குற சில மாடல்ல அடியில ஊசி முனை அளவுக்கு ஒரு ரீசெட் ஓட்டை இருக்கும், லெனோவா திங்க்பேட்ல நெறைய பாக்கலாம், பேப்பர் கிளிப்ப நீட்டி அதுக்குள்ள விட்டு சில செகண்ட் அழுத்தினா அதே வேலைய பண்ணும். ஒண்ணுமே பண்ணாம இது ஒண்ணுலயே சரியான லேப்டாப்ப நான் நெறைய பாத்திருக்கேன், அதனால இத விட்டுறாதீங்க.

சூடு பத்தி ஒரு வார்த்தை. பேட்டரிக்குள்ள சூடு பாக்குற சென்சார் இருக்கு, செல் சுமார் 45 டிகிரி செல்சியஸ தாண்டினா பெரும்பாலும் சார்ஜ நிறுத்திருவாங்க இல்ல வேகத்த கொறச்சுருவாங்க. மெத்தை மேல, தலகாணி மேல வச்சு யூஸ் பண்ணினா அடியில இருக்குற காத்து வழி அடைபட்டு இந்த நிலமை வரும். இன்னொரு கோடியில, ரொம்ப குளிர், 0 டிகிரிக்குக் கீழன்னாலும் சார்ஜ் ஏத்தக்கூடாது, லித்தியம் உள்ள போய் உக்காராம மேலயே உலோகமா படிஞ்சுரும், அது செல்லுக்கு ஆகாது. கொஞ்ச நேரம் சாதாரண சூட்டுக்கு வர விட்டா தானா ஏறும்.

இப்பத்தான் பேட்டரிகிட்ட வர்றோம். அது எப்படி இருக்குன்னு அதுகிட்டயே கேக்கலாம். விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட்ட திறந்து பவர்சிஎஃப்ஜின்னு ஆங்கிலத்துல டைப் பண்ணி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஒரு சாய்வுக் கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட்னு ரெண்டு வார்த்தையையும் சேத்து அடிச்சு (powercfg /batteryreport) என்டர் தட்டினா ஒரு ரிப்போர்ட் ஃபைல் உருவாகும், எங்க சேவ் ஆச்சுன்னும் அங்கயே சொல்லும், அத ப்ரௌசர்ல திறங்க. டிசைன் கெப்பாசிட்டின்னு ஒரு நம்பர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டின்னு ஒரு நம்பர். முதல் நம்பர் 50,000 மில்லிவாட் ஹவர், ரெண்டாவது 31,000ன்னு வச்சுக்கங்க, அப்ப பேட்டரி இப்ப 62 சதவீத பேட்டரி, ஸ்க்ரீன்ல 100னு காட்டினாலும் அது இந்த 31,000தோட 100தான். கீழ சைக்கிள் கவுன்ட்னு இருக்கும், 100லேர்ந்து 0 வரைக்கும் ஒரு தடவ எறக்கினா ஒரு சைக்கிள், இன்னிக்கு பாதி நாளைக்கு பாதின்னாலும் சேத்து ஒண்ணுதான். சாதாரண லேப்டாப் பேட்டரி 300லேர்ந்து 500 சைக்கிள்ல நல்லா கொறைய ஆரம்பிக்கும், இப்ப வர்ற மேக்புக்குக்கு ஆப்பிள் சொல்றது 1000. மேக்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல பவர்ங்கற எடத்துல இது இருக்கும்.

இந்த நம்பர்ல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கெப்பாசிட்டி கொறைஞ்ச பேட்டரிங்கறது சீக்கிரம் தீரும், ஆனா சார்ஜ் ஏறும். அதனால 60 சதவீத பேட்டரியா இருக்கு, ஒரு துளி கூட ஏறவும் மாட்டேங்குதுன்னா ரெண்டையும் முடிச்சு போட்டுறாதீங்க, ஏறாததுக்குக் காரணம் வேறயா இருக்கலாம். 30 சதவீதம் காட்டிட்டு திடீர்னு அணையுதுன்னா ஒண்ணு ஏதாவது ஒரு செல் பலவீனமாயிருக்கு, இல்ல பேட்டரி போர்டோட கணக்கு தப்பிருச்சு. கணக்கு தப்பினதுன்னா ஒரு தடவ 100 வரைக்கும் ஏத்தி, தானா அணையுற வரைக்கும் எறக்கி, திரும்ப நிறுத்தாம 100 ஏத்தினா சரியாகும். இத எப்பவாவது ஒரு தடவ பண்ணலாம், அடிக்கடி பண்ணினா செல்லுக்குத்தான் தேய்மானம்.

மாசக்கணக்குல அலமாரியில கெடந்த லேப்டாப்ப எடுத்து சார்ஜ் போட்டா 0 சதவீதத்துலயே நிக்கும். பயப்படாதீங்க. செல் வோல்டேஜ் ரொம்ப கீழ போயிருந்தா முழு கரன்ட்ட விட மாட்டாங்க, சொட்டு சொட்டா விட்டு ஒரு அளவுக்கு வந்ததும்தான் வேகம் கூட்டுவாங்க, அதனால ரெண்டு மூணு மணி நேரம் பொறுத்துப் பாருங்க. அதுக்கும் கீழ போயிருந்தா பேட்டரி போர்டு நிரந்தரமா பூட்டிக்கும், அந்த பேட்டரி அவ்ளோதான். பூட்ட திறந்து நேரா வோல்டேஜ் குடுத்து எழுப்புறேன்னு வர்ற வீடியோவ பாத்து செய்யாதீங்க, அப்படி அடிமட்டம் போன செல்லுக்குள்ள ஷார்ட் ஆகுற வாய்ப்பு இருக்கு, அது தீப்பிடிக்கிற விஷயம். ரொம்ப நாள் எடுத்து வைக்கணும்னா பாதி சார்ஜ்ல ஆஃப் பண்ணி வைங்க.

எல்லாத்துக்கும் மேல, லேப்டாப்ப சமமான மேஜையில வச்சா ஒரு மூலை ஆடுதா, டச்பேட் மேல தூக்கிக்கிட்டு கிளிக் ஆக மாட்டேங்குதா, மூடினா சரியா மூடலையா, அப்ப மேல சொன்ன எந்த டெஸ்ட்டும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கு. உள்ள இருக்குற எலக்ட்ரோலைட் சிதைஞ்சு கேஸ் சேந்திருக்கு. சார்ஜர கழட்டிட்டு, ஆஃப் பண்ணிட்டு, அமுக்காம, குத்தாம, பக்கத்துல தீப்பிடிக்கிற பொருள் இல்லாத எடத்துல வச்சிட்டு பேட்டரி மாத்தத் தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க. பழச குப்பையில போடாம இ-வேஸ்ட் எடுக்குற எடத்துல குடுக்கச் சொல்லுங்க.

கடைசியா நிஜமாவே பேட்டரிதான்னு முடிவாச்சுன்னா, லேப்டாப் மாடல் பேர மட்டும் வச்சு வாங்காதீங்க, ஒரே மாடல்லயே ரெண்டு மூணு வகை பேட்டரி வரும். அடி மூடிய திறந்து பேட்டரி மேலயே இருக்குற பார்ட் நம்பர படிச்சு அதையே தேடுங்க. வோல்டேஜும் பாருங்க. 10.8ன்னும் 11.1ன்னும் போட்டிருந்தா ரெண்டும் மூணு செல்ல வரிசையா கோத்த பேக்தான், செல் ஒண்ணுக்கு 3.6னு எழுதுறதா 3.7னு எழுதுறதாங்கற வித்தியாசம், கவலை இல்ல. ஆனா 11.4, 11.55ன்னு இருந்தா அது வேற வகை செல், 4.2க்கும் மேல சார்ஜ் ஆகுறது, அந்த எடத்துல 11.1 பேக்க போடக்கூடாது. புதுசு போட்டதும் அதே பேட்டரி ரிப்போர்ட்ட திரும்ப ஒரு தடவ எடுத்துப் பாருங்க, சைக்கிள் கவுன்ட் 0லயோ ஒண்ணு ரெண்டுலயோ இருக்கணும், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைன் கெப்பாசிட்டிக்கு பக்கத்துல இருக்கணும், இல்லன்னா அன்னிக்கே திருப்பி அனுப்பிருங்க.